நவநீதனின் மூக்கு

பாட்டிலைத் திறக்க விடமாட்டார். சப்ளையர் ஓப்பனரைக் கையில் எடுத்தாலே, "இருப்பா, இன்னா அவசரம் உனக்கு?" என்று தடுத்து, பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி, லேபிள் ஓரத்தில் மங்கலாக அச்சடித்திருக்கும் மாதத்தைப் படிப்பார் நவநீதன். மாதம் பிடித்திருந்தால் ஒரு தலையசைப்பு. இல்லாவிட்டால், "நாலு மாசம் ஆயிடுச்சி. கெழவன் இது. வேற குடு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

திறந்தாலும் உடனே குடிக்கமாட்டார். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து பீரை ஊற்றி, நுரை அடங்குவதற்குள் மூக்கை விளிம்புவரை கொண்டுபோய் ஒரு மூச்சு இழுப்பார். அதற்குள் பக்கத்து மேசைக்காரன் ஒரு குவார்ட்டரைக் கவிழ்த்து, வாயைத் துடைத்துக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பியே போயிருப்பான்.

எதிரே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் நான் குடிக்காதவன். பெயர் கிறிஸ்துராஜ். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு செக்‌ஷனில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பை பிடிக்கிறவன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பாரில் கோலி சோடாவும் காரம் போட்ட வேர்க்கடலையுமாக உட்கார்ந்திருப்பேன். எங்கள் வீட்டு மாடியில் நவநீதன் குடிவந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். "குடிக்கிறவன நம்பிடலாம். குடிக்காம அங்க போய் குந்தறவன எப்பிடி நம்பறது?" என்பாள் என் மனைவி இவாஞ்சலின். அவள் கேட்பதும் நியாயம்தான். என்ன செய்ய, அந்த மனிதர் குடிப்பதைப் பார்ப்பதில் எனக்கு அப்படி ஒரு ருசி.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் அவர் ஃபினிஷிங் சூப்பர்வைசர். சாயம் ஏறிய தோலின் மேல் பளபளப்புக்காக லேக்கர் அடிப்பார்கள். அதில் தின்னர் சரியாகக் கலந்திருக்கிறதா, அடித்த பூச்சு காய்ந்துவிட்டதா என்பதையெல்லாம் மற்றவர்கள் விரலால் தொட்டுப் பார்த்துச் சொல்வார்கள். நவநீதன் குனிந்து முகர்ந்து சொல்லிவிடுவார். "இன்னும் பத்து நிமிஷம் தொங்கட்டும்" என்றால் பத்து நிமிஷம்தான். கம்பெனி கொடுத்த மாஸ்க் எப்போதும் கழுத்தில் தொங்கும். ஸ்ப்ரே மெஷின் ஓட்டும் நிசார் அஹமது எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "மூக்க மூடிக்கினா எனக்கு எதுக்கு பாய் சம்பளம்?" என்று சிரித்துவிடுவார். பதினேழு வருஷம் அப்படித்தான் ஓடியது.

வேலூரை அவர் தெரிந்து வைத்திருந்த விதமே வேறு. காட்பாடி ரோட்டு பாரில் ஐஸ்பெட்டி பிரமாதம், ஆனால் டம்ளரில் முட்டை வாடை அடிக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சரக்கு தினமும் இறங்குவதால் பீர் புதிது, ஆனால் சத்தம் ஜாஸ்தி. வாலாஜாபேட்டையில் ஒரு கடைக்காரர் பெட்டிகளை வெயிலில் அடுக்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கிப் போய் சண்டை போட்டார். "வெயில் பட்ட பீரு தீஞ்ச பால் மாரி. அத மனுசன் குடிப்பானா?" கடைக்காரர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இத்தன நாளா மனுசங்கதான் குடிச்சிக்கினு இருக்காங்க" என்றாராம்.

ஊரில் அவருக்கு மனசுக்குப் பிடித்த இடம் என்றால் அது சத்துவாச்சாரியில் பஞ்சாட்சரம் வைத்திருக்கும் பார்தான். இருட்டறையில் ஈரச் சாக்குப் போட்டு மூடிய பெட்டிகள். இவர் ஒருவருக்காகவே சோப்புத்தூள் படாமல் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்த ஒரு டம்ளர். "ஊர்ல அத்தினி பேரும் கிக்கு இருக்குதான்னு கேப்பான். வாசன எப்பிடின்னு கேக்கறது அண்ணன் ஒருத்தர்தான்" என்று பஞ்சாட்சரம் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வார்.

தொண்ணூற்றாறில் மெஷின் வாங்கும் விஷயமாக நவநீதனைக் கம்பெனியில் பெங்களூருக்கு அனுப்பினார்கள். மெஷின் என்ன ஆனதோ தெரியாது. திரும்பி வந்தவர் பையைக்கூட வைக்காமல் என் வீட்டு வாசலில் நின்றார். "தோஸ்த், அங்க பீரு கொழாய்ல வருது! நம்மூர்ல கொழாய்ல தண்ணியே வர்ல!" அந்தப் பீரின் வாசனையை அன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "கோதும ஊற வெச்சிருக்கு. பக்கத்துல எங்கியோ ரொட்டி சுடறாங்க. அந்த மாரி. நல்ல பீரு எதுவா இருந்தாலும் அந்த ரெண்டும் இருக்கணும்." எனக்கு பீர் வாடை என்றால் பீர் வாடை, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். "உன்னாண்ட போய் சொன்னேன் பாரு" என்று மாடிக்குப் போய்விட்டார்.

தொண்ணூற்றொன்பதில், பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை அது நடந்தது. வழக்கம்போல் முகர்ந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். மறுபடி முகர்ந்தார். "இன்னா பஞ்சாட்சரம், பச்சத் தண்ணி மாரி இருக்குது?" வேறு பாட்டில் வந்தது. அதுவும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. கடை முழுக்கக் கேட்கும்படி, "மூடியத் தொறந்து இன்னாத்தையாச்சும் கலக்கறியா நீ?" என்று கேட்டுவிட்டார். பார் நடத்துகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. பஞ்சாட்சரம் சத்தம் போடவில்லை. "பத்து வருஷமா வர்றீங்க. அதனால சும்மா இருக்கேன். எழுந்து போயிடுங்கண்ணா" என்றார்.

அதன்பின் ஆறு வாரம் ஊரெல்லாம் அலைந்தோம். காட்பாடி ரோட்டில் தண்ணி என்றார். பஸ் ஸ்டாண்டில் சப்பை என்றார். "கம்பெனிக்காரனே கெட்டுப்பூட்டான் தோஸ்த். பேஜாரா கீது" என்றார். லேபிளில் எல்லாம் புது மாதம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக வியாதிகளின் பெயரை எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? மடையன், வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் நிசார் அஹமது அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். மாடியில் அவர் இல்லாததால் என்னிடம் சொன்னார். "ஷெட்ல தின்னர் டின் கவுந்துடுச்சி சார். எங்களுக்கெல்லாம் கண்ணு எரியுது, நிக்க முடியல. அண்ணன் அது நடுவுல நின்னுக்கினு தோல மோந்து பாத்து, காஞ்சிடுச்சி அடுக்குங்கடான்றாரு. அடுக்கிட்டோம். அத்தினியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சி." வாசல்வரை போய்த் திரும்பியவர், "அவருக்கு வாசனை தெரியல சார். யார்கிட்டயும் சொல்லாம இருக்காரு" என்றார்.

மறுநாள் நான்தான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். சின்ன வயசு டாக்டர். இவரைக் கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூளை மூக்கருகே காட்டினார். "இல்ல" என்றார் நவநீதன். கிராம்பு. "இல்ல." மூன்றாவது புட்டியைக் காட்டியபோது ரொம்ப நேரம் இழுத்து இழுத்து முகர்ந்துவிட்டு, பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி, "கற்பூரமா?" என்றார். அது சோப்பு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாஸ்க் போட்டிருக்கணும் சார். திரும்ப வரும்னு நான் உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாப் வரை தலையைக் குனிந்தபடியே நடந்தார். வேலையைப் பற்றி யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறவில்லை. "பஞ்சாட்சரத்தப் போய் இன்னா வார்த்த கேட்டுட்டேன் பாரு" என்றார்.

கம்பெனியில் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். சனிக்கிழமைகளில் மாடியை விட்டு இறங்குவதை நிறுத்திவிட்டார். மூன்று சனிக்கிழமை பார்த்தேன். நாலாவது சனிக்கிழமை மேலே போய், "நவநீதா, எழுந்திரு. எனக்கு வேர்க்கடலை துன்னணும்" என்றேன். குடிக்காதவன் வந்து குடிக்கிறவனை பாருக்குக் கூப்பிடுகிற கூத்தை இவாஞ்சலின் கீழே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

சத்துவாச்சாரிக்குள் நுழைந்ததும் அவர் நடை தயங்கியது. பஞ்சாட்சரம் கல்லாவில் இருந்தார். எங்களைப் பார்த்தார், எழுந்திருக்கவில்லை. நவநீதன் நேரே போய் அவர் முன்னால் நின்றார்.

"மூக்கு போயிடுச்சி பஞ்சாட்சரம். உன் பீரு நல்ல பீருதான். அத்தினி பேரு எதிர்ல கேட்டேன், அத்தினி பேரு எதிர்லயே சொல்றேன். தப்பு என்னுது."

கடையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பஞ்சாட்சரம் எழுந்து இருட்டறைக்குள் போனார். போய்விட்டார், இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஒரு பாட்டிலோடு வந்தார். கூடவே அந்தத் தனி டம்ளர். பாட்டிலைத் திறக்கவில்லை. லேபிளை ஜன்னல் பக்கம் திருப்பி இவரிடம் நீட்டினார்.

நவநீதன் மாதத்தைப் படித்தார். தலையசைத்தார்.

மூடி திறந்ததும் டம்ளரைச் சாய்த்து ஊற்றினார். பழக்க தோஷத்தில் மூக்கருகே தூக்கியவர், பாதியில் நிறுத்தி, நுரை அடங்குவதற்குள் அவசரமாக என் பக்கம் தள்ளினார்.

"குடிக்க வாணாம் தோஸ்த். மோந்து மட்டும் சொல்லு."

நாளைக் காலையில் காணிக்கைப் பை பிடிக்க வேண்டிய கையால் அந்த டம்ளரைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, அவரைப் போலவே ஒரே மூச்சு இழுத்தேன். அவசரமாகச் சொல்லிவிடக்கூடாது என்று இன்னொரு மூச்சும் இழுத்தேன்.

"கோதும ஊற வெச்சிருக்கு" என்றேன். அவர் இன்னும் காத்திருந்தார். "பக்கத்துல எங்கியோ ரொட்டி சுடறாங்க." சத்தியமாக அப்படித்தான் இருந்தது.

என் மூக்கு நுனியில் நுரை ஒட்டியிருந்திருக்கிறது. நவநீதன் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எட்டி, அதைத் துடைத்துவிட்டார். பிறகு டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.