மறுபதிப்பின் ஆண்டு

போன வெள்ளிக்கிழமை வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, ஒரு கிழக்கு ஐரோப்பியக் கடைக்குள் சும்மா நுழைந்தேன். யாரோ வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கீழே போட்டு உடைத்திருந்தார்கள். குப்பென்று சதகுப்பை வாசம். எங்கள் ஊரில் சதகுப்பை என்றால் மருந்துச் சரக்கு. எனக்கோ அது இருபத்தெட்டு வயதில் இங்கே நான் வேலை பார்த்த, புலம்பெயர்ந்த உக்ரேனியரின் வாசிகசாலையின் மத்தியான வாசம். அங்கே சூப்பிலும் அதுதான், உருளைக்கிழங்கிலும் அதுதான்.

அந்த நேரம் பார்த்து ரஞ்சி தொலைபேசியில் வந்தாள். ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் செயலாளர் அவள். பள்ளியைத் தொடங்கிய மாஸ்டர் காலமாகிவிட்டார். ஆண்டு விழா மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னுடையது. மாஸ்டர் இளவயதில், ஊரில் ஆயுதம் ஏந்திய இயக்கத்தைப் போற்றி ஒரு பாட்டு எழுதியவர். பின்னாளில் அதே இயக்கத்தைக் கேள்வி கேட்டுப் பேச்சு வாங்கியவர்.

"அண்ணை, அந்தப் பாட்டு மலரில வேண்டாமாம். பாதிப்பேருக்குப் பாட்டு வேண்டாம், மிச்சப்பேருக்கு மாஸ்டரே வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன். மூக்கில் சதகுப்பை இருக்கும்போது எனக்கு வேறு எதையும் யோசிக்க வராது.

அந்த வாசிகசாலை வேலை எனக்குக் கிடைத்தது கையெழுத்துக்காக. அகதி விண்ணப்பங்களை நிரப்பி நிரப்பி அழகாகிப் போன கையெழுத்து. ஒக்ஸானா என்ற வரலாற்று ஆய்வாளர், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சோவியத் ஆட்சியின் தொடக்க கால உக்ரேனிய எழுத்தாளர்களைப் பற்றி ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தாள். புரட்சியை நம்பி எழுதியவர்கள். பலரை அதே ஆட்சி பிறகு கொன்றது. வாசிகசாலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர், "கம்யூனிஸ்டுக்கு இங்க என்ன வேலை?" என்பார்கள். மற்றவர்கள், "அவர் தியாகி, அந்தப் புரட்சிக் கவிதைகளை எடுத்துவிடுங்கோ" என்பார்கள். (எல்லாரும் பேசியது ஆங்கிலம்தான். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒக்ஸானா இரு பக்கத்துக்கும் மசியமாட்டாள். ஒவ்வொரு படைப்புக்கும் ஓர் அட்டை. மேலே எழுதிய ஆண்டு. கீழே, அந்த ஆண்டுக்குள் நாட்டில் என்ன நடந்துவிட்டது, யாரைப் பிடித்துவிட்டார்கள், எழுதியவருக்கு எது தெரிந்திருக்கும் என்ற விபரம். தெரியாததற்குப் பென்சிலால் 'தெரியாது' என்று எழுதவேண்டும். மேசைமேல் அட்டைகளை வரிசையாகப் பரப்பினால் ஒரு மனிதன் எங்கே நம்பினான், எங்கே பயந்தான், எங்கே வாயை மூடினான் என்று ஓரளவு பிடிபடும். துரோகி, தியாகி என்று எழுத அட்டையில் இடமே இல்லை. எங்கள் ஊரில் இவற்றில் ஒன்றாவது கிடைக்காமல் செத்தவர்கள் குறைவு என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

பிடித்த வேலையில்தான் பிழையும் வரும். கூட்டுப்பண்ணையைப் புகழும் ஒரு கவிதைக்கு, கையிலிருந்த புத்தகத்தின் முகப்பில் கண்ட ஆண்டைப் போட்டேன். அது மறுபதிப்பின் ஆண்டு என்று எனக்கு உறைக்கவில்லை. கீழே வலு கவனமாக, 'பெரும் பஞ்சம் முடிந்திருந்தது' என்றும் எழுதிவைத்தேன். கூட்டுப்பண்ணைத் திட்டத்தில் ஆட்சி தானியத்தைப் பறித்ததால் இலட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்த பஞ்சம் அது.

அந்த அட்டையைப் பெத்ரோ பார்த்துவிட்டார். நாள் தவறாமல் வரும் கிழவர். பஞ்சத்தில் தகப்பனையும் இரண்டு தங்கைகளையும் இழந்தவர். "இவ்வளவு பேர் செத்தாப் பிறகும் இதை எழுதினவனோ?" என்று கேட்டார். நான் அட்டையைக் காட்டி, "ஓம்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். பிறகு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒக்ஸானா முதற்பதிப்பைக் கண்டுபிடித்தாள். கவிதை பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முந்தியது. "ஒரு செத்த மனுசனைப் பற்றிப் பொய் சொல்லிப்போட்டாய்" என்றாள். அப்படியென்றால் அந்தக் கவிஞர் குற்றமற்றவர் என்று எழுதிவிடவா என்று கேட்டேன். "உனக்கென்ன விசரோ? பஞ்சத்துக்குப் பிறகு மறுபதிப்பு வந்ததும் உண்மைதானே. அதுக்கு அவர் சம்மதிச்சாரோ, மறுக்க ஏலாமல் இருந்தாரோ? ரெண்டாவது அட்டை எழுது."

எழுதினேன். 'சம்மதித்தாரா? தெரியாது.' இரண்டு அட்டைகளையும் கொண்டு பஸ் ஏறிப் பெத்ரோவின் வீட்டுக்குப் போனேன். கதவடியிலேயே நின்று, பிழை என்னுடையது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் இரண்டு தரம் வாசித்தார்.

"திருத்தினதுக்கு நன்றி. நான் அவனை மன்னிக்கேல்லை" என்றார். பிறகு, "உள்ள வா, சூப் இருக்கு" என்றார். அடுத்த நாள் வாசிகசாலையில் தன் வழக்கமான கதிரையில் இருந்தார்.

இப்போது அந்த வாசிகசாலை இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பெத்ரோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒக்ஸானா வேறு நாட்டுக்குப் போனாள். அட்டைப் பெட்டிகளை யார் கொண்டுபோனார்கள் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் ரஞ்சியை அழைத்தேன். "பாட்டு வரும். எழுதின ஆண்டும், அதுக்கு முதல் ஊரில என்ன நடந்ததெண்டும் வரும். பிறகு அவர் கேட்ட கேள்வியளும் வரும். ஒரு சொல் வெட்டினாலும் என்ர பேரைப் போடாதேங்கோ."

"அண்ணை, ரெண்டு பக்கமும் உங்களோட கோவிக்கும்."

"கோவிக்கட்டும்."

அட்டை இல்லாததால் ஒரு கடித உறையைக் கிழித்து, மேலே மாஸ்டர் பாட்டெழுதிய ஆண்டைப் போட்டேன். கடைசி வரை அந்தப் பாட்டை அவர் ஏன் திரும்பப் பெறவில்லை என்ற இடத்தில் பென்சிலால் 'தெரியாது' என்று எழுதினேன். அதை வாசித்து, நன்றி சொல்லி, மன்னிக்கவும் மறுத்து, சூப்புக்கும் கூப்பிட ஒரு மனிதரைத் தேடினேன். ஹரோவில் ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.