கண் மூடிச் சொன்னது

இங்யெரின் அடக்க ஆராதனையில் மூப்பர் தாரால் அவளை "ஜெப வீராங்கனை" என்றார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். கடைசிப் பல வருடங்களில் அவள் வாய்விட்டு ஜெபித்ததை அவர்களில் ஒருவர்கூடக் கேட்டதில்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. முதல் வரிசையில் அவளுடைய கணவனாக உட்கார்ந்து என் கையுறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டத்தைக் கேட்டிருந்தால் அவளுக்குக் கழுத்துவரை சிவந்திருக்கும். அது சந்தோஷத்தில் அல்ல.

அவள் பெரிய ஆள் ஒன்றுமில்லை. எங்கள் துறைமுகத்தெருவில் பல் மருத்துவரின் முன்மேசையில் வேலை பார்த்தாள். பல் பிடுங்கப் பயந்து வருகிறவர்களைப் பேச்சில் இழுத்து, பயத்தை மறக்கவைத்து உள்ளே அனுப்புவது அவளுக்குக் கைவந்த கலை. யாருடைய படகு எந்தக் கரையில் பழுதாகிக் கிடக்கிறது, யாருடைய நாய் செவிடு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெற்கு நோர்வேயின் இந்தக் கடலோரத்தில் ஜனங்கள் லேசில் வாய் திறக்க மாட்டார்கள். அவளிடம் திறந்தார்கள்.

இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஜெபவீட்டில் வெளியாட்களை வரவேற்கும் பொறுப்பில் அவளைப் போட்டார்கள். நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்த காலம் அது. வெளியே இருக்கிற ஆத்துமாக்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மூப்பர்கள் மாதக்கணக்கில் பேசினார்கள். கோடையில் கூடாரம் போட்டார்கள். கிடாருடன் ஒருவரை வரவழைத்தார்கள். கூடாரத்தில் வந்து உட்கார்ந்ததும் எங்கள் ஆட்களேதான். இங்யெர் ஒருநாள் தாராலிடம் சொன்னாள்:

"வாசல்ல நின்னு கை குலுக்கறோமே, அது வரவேற்கற மாதிரியா இருக்கு? வந்தவன் தப்பிச்சுடக் கூடாதுன்னு பிடிச்சுக்கற மாதிரி இருக்கு."

"அப்ப நீயே பிடிக்காம வரவேற்றுக் காட்டு, பாக்கலாம்," என்றார் தாரால்.

செவ்வாய்க்கிழமை மதியங்களில் ஜெபவீட்டின் கீழ்த்தளத்தைத் திறந்துவைத்தாள். காபி, இரும்பு அச்சில் வார்த்த வாஃபில் அப்பம், அதன் மேலே வைக்கப் பழுப்புச் சீஸ், ஸ்ட்ராபெரி ஜாம். பிரசங்கம் கிடையாது. பாட்டு கிடையாது.

"தின்னுட்டுப் போயிடுவாங்க இங்யெர்."

"போகட்டுமே. பசியோட போகலையே."

வந்தார்கள். கப்பல் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் போலந்துக்காரர்கள் வந்தார்கள். விவாகரத்தாகி மாடி அறையில் தனியே கிடந்த தபால்காரர் வந்தார். பிறகு ஒட்மார் வந்தார். கப்பலில் இன்ஜின் பார்த்து ஓய்வுபெற்றவர், மனைவியை இழந்தவர். முதல் நாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்குக் கடவுள் வேண்டாம். காபி போதும்," என்றார்.

"இன்னிக்குக் காபி மட்டுந்தான் இருக்கு. அவர் ஞாயித்துக்கிழமைதான் வருவார்," என்றாள் இங்யெர்.

அவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஒரு செவ்வாயும் தவறவில்லை. போலந்துக்காரர்களை வம்புக்கிழுப்பார். வாஃபில் வார்க்கும் இங்யெரிடம், "இதை வச்சு என் படகு ஓட்டையை அடைக்கலாம்மா," என்பார். பிறகு இரண்டாவதாக ஒன்றை எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு வாரமும் தாரால் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: "யாராவது ஆண்டவர் பக்கம் அசைஞ்சாங்களா?" அவருக்கும் மேலே பதில் சொல்லவேண்டிய ஆட்கள் இருந்தார்கள். வாஃபில் மாவுக்குப் போகிற காணிக்கை என்ன பலன் தருகிறது என்று சிலர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் இல்லை," என்று சொல்லிச் சொல்லி அவள் களைத்துப்போயிருந்தாள்.

ஒரு செவ்வாய், எல்லோரும் போனபின் ஒட்மார் பாத்திரம் துடைத்துக் கொடுக்க நின்றார். துடைத்துக்கொண்டே, ஊரில் யாருக்கும் தெரியாத ஒன்றை அவளிடம் சொன்னார். அவருடைய மகன் ஸ்டீயன் பிரேசிலில் கப்பல் வேலையில் இருப்பதாக ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. அவன் ஒஸ்லோ பக்கம் சிறையில் இருந்தான். போதைமருந்து விற்ற வழக்கு. வசந்தத்தில் வெளியே வருகிறான்.

"நேரா இங்கதான் வரணும்னு இருக்கான். பட்டறையில வேலைக்குப் பேசி வச்சிருக்கேன். இந்த ஊருக்கு ஒண்ணும் தெரியாது பாரு, அதனால இங்க மட்டுந்தான் அவன் தலை நிமிந்து நடக்க முடியும்."

இங்யெர் ஈரக்கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அவனுக்காக ஜெபம் பண்றேன்," என்றாள்.

"பண்ணேன். அதுல என்ன கெட்டுப்போகுது," என்றார்.

மறுநாள் புதன், ஜெபக்கூட்டம்.

எங்கள் ஜெபவீட்டில் அடுத்த வீட்டுக்காரன் குடும்பத்தைப் பற்றிக் காபி மேசையில் பேசமாட்டார்கள். அது புறங்கூறுதல், பாவம். யாராவது ஆரம்பித்தால் மற்றவர்கள் வானிலைக்குத் தாவிவிடுவார்கள். ஆனால் புதன்கிழமை வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒருவர் பின் ஒருவராக ஆண்டவரிடம் பேசும்போது எதையும் சொல்லலாம். பெயர் சொல்லி, ஊர் சொல்லி, நோய் சொல்லி. அங்கே அது பேச்சே அல்ல. கேட்கிறவர் அவர் ஒருவர்தான் என்பது போல மற்றவர்கள் "ஆமென், ஆண்டவரே" என்று முனகுவார்கள். சிறுவயது முதல் இங்யெர் அப்படித்தான் ஜெபித்தாள்.

அன்றும் அப்படியே. ஒட்மாரின் பெயரைச் சொன்னாள். ஸ்டீயனின் பெயரைச் சொன்னாள். சிறைக்கதவுகளைத் திறக்கிற தேவன் அவனைப் பத்திரமாக எங்கள் ஊருக்குக் கொண்டுவரட்டும் என்று உருகிக் கேட்டாள். வீட்டுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "இன்னிக்கு ரொம்ப நல்ல ஜெபம், ஸ்வெய்னுங். தாரால் கண்ணுல தண்ணி வந்துடுச்சு," என்றாள் என்னிடம்.

அடுத்த செவ்வாய் ஒட்மார் வழக்கம்போல வந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டார். தாராலும் அன்று கீழே இறங்கி வந்திருந்தார். நேராகப் போய் ஒட்மாரின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"சகோதரா, தைரியமா இருங்க. உங்க ஸ்டீயனுக்காக நாங்க எல்லாரும் ஜெபிச்சுக்கிட்டு இருக்கோம். அவன் வெளிய வர்ற அன்னிக்கு வாசல்ல நின்னு வரவேற்போம்."

தபால்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒட்மார் தாராலைப் பார்க்கவில்லை. வாஃபில் இரும்பின் பக்கத்தில் நின்ற இங்யெரைப் பார்த்தார். தட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, கோட்டைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினார். வாஃபில் கருகும் வாசனை வரும்வரை அவள் அசையவில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனாள். வாசலைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை.

"உங்களுக்குக் கெட்டது நினைச்சுச் செய்யல ஒட்மார். ஜெபத்துலதான் சொன்னேன்."

"நீ அவர்கிட்ட சொல்லுவேன்னு நினைச்சேன். அதை நகல் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவேன்னு நினைக்கல."

"நான் என்ன செய்யட்டும்? சொல்லுங்க. எது வேணா செய்றேன்."

"எங்களுக்காக ஜெபம் பண்ணாதே," என்றார். "அது போதும்." கதவைச் சாத்தவில்லை. அவளே திரும்பி நடக்கும்வரை நின்றுகொண்டிருந்தார்.

அவள் தாராலிடம் போனாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீ என்ன தப்பு செஞ்சே? ஜெபம் எப்படிம்மா கோள் ஆகும்? அந்த மனுஷனுக்குப் பெருமை அதிகம். ஆண்டவர் உடைக்கிறார், உடைக்கட்டும்." கூட்டத்தில் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அவளைத் தேற்றினார்கள். ஒருவர்கூட அவளோடு வெட்கப்படவில்லை. அதுதான் அவளைத் தனியாக்கியது.

என்னிடம் மட்டும் ஒன்றைச் சொன்னாள். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்தாள்.

"பேர் சொல்லாமயே ஜெபிச்சிருக்கலாம். ஆண்டவருக்குத் தெரியாதா யாருன்னு? தாரால் காதுல விழணும்னுதான் பேரைச் சொன்னேன். ஒருத்தர் அசைஞ்சுட்டார்னு அவருக்குத் தெரியணும்னு. வாய் ஆண்டவரேங்குது, மனசு தாராலைப் பாக்குது."

நான் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பவன். அன்று அவள் வைத்த கத்தியை எடுத்து மீதிக் கிழங்கைச் சீவினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் அறிக்கை செய்வேன் என்றாள். அதுதான் எங்கள் வழக்கம். தவறு செய்தவர் எழுந்து சொல்வார், சிலர் அழுவார்கள், பாட்டுப் பாடுவோம், பாரம் இறங்கிவிடும். எழுந்து நின்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் வெளியூரிலிருந்து வந்த விருந்தாளிகள் இருந்தார்கள், விஷயம் இன்னும் எட்டாத சிலரும் இருந்தார்கள். அவள் உதடு அசைந்தது. தன் தவறைச் சொல்லவேண்டுமானால் ஒட்மார், ஸ்டீயன் கதையை மறுபடியும் சொல்லியாக வேண்டும் என்று அவளுக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்திருக்கிறது. முன்நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். ஆவியானவர் அவளை மௌனத்தில் தொட்டார் என்று தாரால் விளக்கம் சொன்னார்.

அந்தப் பாரம் கடைசிவரை இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமைகளை மட்டும் அவள் விடவில்லை. யாராவது மனம் திறந்து பேச வந்தால், "கொஞ்சம் பொறுங்க, எங்கிட்டச் சொல்லணுமான்னு ஒருதடவை யோசிச்சுக்கங்க," என்பாள். சிலர் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்கள். "யாராவது அசைஞ்சாங்களா?" என்று தாரால் கேட்டால், "காபி தீந்துபோச்சு," என்பாள். புதன்கிழமை வட்டத்தில் அவள் முறை வரும்போது பக்கத்திலிருப்பவரின் கையைத் தொட்டு அவரிடம் விட்டுவிடுவாள். விசுவாசம் ஆறிப்போய்விட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினார்கள்.

ஒட்மாருக்காக ஜெபிக்காமல் இருப்பதுதான் அவளுக்கு இருந்ததிலேயே கடினமான வேலை. அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றைத்தான் என்பதால் அதைக் காப்பாற்றினாள்.

வசந்தத்தில் பட்டறையிலிருந்து ஒட்மாருக்குத் தொலைபேசி வந்தது, இப்போதைக்கு ஆள் தேவைப்படவில்லை என்று. ஸ்டீயன் எங்கள் ஊருக்கு வரவேயில்லை. பெர்கனில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். ஒட்மார் துறைமுகத்தெரு வீட்டை விற்றுவிட்டு மகனோடு இருக்கக் கிளம்பினார். சாமான் ஏற்றும் நாள் தெரிந்ததும் இங்யெர் பழைய கையுறையைப் போட்டுக்கொண்டு போனாள். நான் கூடப் போனேன். அவர் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. "அதுல கண்ணாடி இருக்கு," என்று மட்டும் ஒரு பெட்டியைக் காட்டினார். அதை அவள் மாரோடு அணைத்துத் தூக்கிப்போனாள்.

கடைசிப் பெட்டி ஏறியதும் லாரியின் பின்கதவுக்குப் பக்கத்தில் அவர் முன் போய் நின்றாள்.

"ஸ்டீயன்கிட்ட யார் சொன்னதுன்னு சொல்லுங்க. ஊருன்னு சொல்லாதீங்க. என் பேரைச் சொல்லுங்க."

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னான்?"

ஒட்மார் கதவின் தாழ்ப்பாளைப் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"ஜெபவீட்டுக்காரங்களான்னு கேட்டான். ஆமான்னேன். சரின்னுட்டான். அவனுக்கு ஆச்சரியமாவே இல்ல."