மடியில் இருந்த பிள்ளை

எங்கள் வீட்டுப் புகைப்படங்களை ஒட்டிவைக்கும் படப் புத்தகத்தை நான் தைக்கத் தொடங்கியது 1929-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில். எனக்கு அப்போது பதினெட்டு வயது. தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் அப்படியொன்றை யாரும் வைத்திருந்து நான் பார்த்ததில்லை. வாசகசாலையில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, தடித்த பழுப்புத் தாளை ஒரே அளவில் வெட்டி, நூல் கோத்துத் தைத்து, மேலே காலிகோ துணி ஒட்டினேன். பசையும் நானே காய்ச்சினேன். மரச்சீனிக் கிழங்கு மாவைக் கரைத்துக் கிளறி, பூச்சி அரிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவேன்.

"மயில்துத்தமா? எனக்க சட்டியில விஷத்தைக் கலக்கிட்டு, ராத்திரி அதுலயே மீன் வைக்கச் சொல்லுவ," என்று அம்மா சட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு விளிம்பு உடைந்த ஒரு சட்டியைத் தேடித் தந்தாள். அதற்கு 'படச்சட்டி' என்றே வீட்டில் பெயர் நிலைத்துவிட்டது.

புத்தகத்தில் படங்கள் மட்டும் இல்லை. என் ஞானஸ்நானச் சீட்டு, அப்பாவின் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழின் கிழிந்த பாதி, திருவனந்தபுரம் போய்வந்த பஸ் சீட்டு, அம்மா பின்னிய லேஸில் ஒரு விரல் நீளத் துண்டு, அப்பா இறப்பதற்கு முந்தின மாதம் எனக்கு எழுதிய கார்டு. ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் தேதி எழுதினேன். தேதி இல்லாத எதையும் ஒட்டுவதில்லை என்பது நான் வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் இருந்த பிள்ளை யார் என்பதில் நான் செய்த தவறு பத்து வருடம் அப்படியே இருந்தது.

நான்காம் பக்கத்துப் படம் அம்மாவின் வேதப்புத்தகத்துக்குள் இருந்தது. ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்த ஒருவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட முற்றத்தில் திரை கட்டி எடுத்தது. அப்பா நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். அம்மா பக்கத்தில். அவள் மடியில் லேஸ் வைத்த வெள்ளைச் சட்டையோடு ஒரு கைப்பிள்ளை. நான் படத்தில் இல்லை. நாகர்கோவிலில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் ஒட்டக் கேட்டபோது, அம்மா கொஞ்ச நேரம் படத்தைக் கையில் வைத்திருந்துவிட்டு, "பசை முன்னால படாம பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லித் தந்தாள். அது யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் தேதி தெரியுமே.

படத்தின் பின்புறம் பென்சிலால் '1096 புரட்டாசி' என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு காலக்கணக்கு நடந்தது. பள்ளிக்கூடமும் சபையும் ஆங்கில ஆண்டில்; வரிச்சீட்டும் பத்திரமும் மற்ற ஊர்க் காரியமெல்லாம் கொல்லம் ஆண்டில். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நான் வைத்திருந்த வழி எளிது: கொல்லம் ஆண்டோடு 825 கூட்டு. நான் பிறந்தது 1086 தை. கூட்டினால் 1911. சரியாக வந்தது. என் பிறந்த நாளுக்குச் சரியாக வந்த கணக்கு உலகத்துக்கே சரியாக வரும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதிவரை 824-தான் கூட்ட வேண்டும்.

அந்தக் கணக்குப்படி படத்துக்கு 1921 என்று போட்டேன். என் தங்கை பிறந்தது 1921 ஆவணிக் கடைசியில். ஆகவே கீழே எழுதினேன்: 'அப்பா, அம்மா, தங்கை. தங்கைக்கு ஒரு மாதம்.' பின்புறம் முழுக்கப் பசை தடவி ஒட்டினேன். பென்சில் எழுத்து அதோடு மறைந்தது.

அப்போது தங்கைக்கு எட்டாவது வயது நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு ஒரு பழைய குறை உண்டு. "அண்ணனுக்கு மூணு வயசுல எடுத்த படம் இருக்கு, எனக்க படம் ஒண்ணுகூட இல்ல. என்னை ஆத்துல ஒழுகி வந்தப்போ எடுத்தியளா?" என்று அம்மாவைத் துளைத்துக்கொண்டிருப்பாள். நான்காம் பக்கத்தைப் பார்த்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்; நானும் பின்னாலேயே போனேன். "அம்மா, இது நானா? இந்தச் சட்டை எங்க அம்மா? எனக்கு இவ்வளவு பெரிய கண்ணா?"

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்ட, புத்தகத்தைத் தொடாமல் தள்ளி நின்றே பார்த்தாள். பிறகு, "அண்ணன் எழுதியிருக்கான்லா, பின்ன என்ன," என்றாள். அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்கப் பத்து வருடம் ஆயிற்று.

இடையில் சரியான கணக்கை நான் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஆசிரியனாகச் சேர்ந்த பிறகு, பழைய தஸ்தாவேஜுகளைப் பார்க்கும்போது புரிந்தது. புத்தகத்தில் நாலைந்து தேதிகளைத் திருத்தவும் செய்தேன். நான்காம் பக்கத்தைத் திருத்தவில்லை. அதில் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கவில்லை; வெறும் 1921 மட்டும்தான். அது எப்படி வந்த 1921 என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

1939-இல் தங்கைக்குக் குளச்சலில் மாப்பிள்ளை பார்த்து, இரண்டு முறை சபையில் கல்யாண அறிக்கையும் வாசித்தாயிற்று. பெட்டி கட்டும்போது அவள் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, எனக்க குழந்தைப் படத்தை நான் கொண்டுபோறேன். அங்க உள்ளவங்களுக்குக் காட்டணும்."

"அது பசையில ஒட்டினதுட்டி. பிரிச்சா கிழியும்."

"நீ ஒட்டினது, நீயே பிரி. பத்து வருசமா பெரிய புத்தகக்காரன்னு நடக்கியே."

பக்கத்தை நனைத்து, ஆவி காட்டி மெல்ல உரிக்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலை படச்சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் குந்தினாள். கையில் லேஸ் பின்னுகிற தலையணை இல்லை. அது இல்லாமல் அம்மா உட்கார்ந்து நான் கண்டதில்லை.

"மக்கா, அந்தப் படத்தை அவளுக்குக் குடுக்கவா போற?"

"அவளுக்க படந்தானே அம்மா."

அம்மா அடுப்பைப் பார்த்தாள். "ஒரு மாசப் பிள்ளைக்குக் கழுத்து நிக்குமா?"

நான் புத்தகத்தைத் திறந்தேன். பிள்ளை அம்மாவின் மடியில் தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கை அதன் கழுத்தைத் தாங்கவே இல்லை. வயிற்றைச் சுற்றித்தான் பிடித்திருந்தது. இந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் கீழே நான் எழுதியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பழைய குறிப்பேட்டை எடுத்தேன். ஒட்டுவதற்கு முன் எல்லாத் தேதிகளையும் அதில் பிரதி எடுத்து வைத்திருந்தேன். 1096 புரட்டாசி. 824 கூட்டினேன். 1920. என் தங்கை பிறப்பதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பு.

எனக்கும் இந்தத் தங்கைக்கும் நடுவில் இன்னொருத்தி பிறந்தது எனக்குத் தெரியும். நான் அவளைக் கண்டதில்லை. கோடை விடுமுறை முடிந்து நான் விடுதிக்குப் போன பிறகு பிறந்தாள். ஓண விடுமுறைக்கு விடுதியில் அம்மை போட்டதால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு நான் வந்தபோது அவள் இல்லை. காய்ச்சலில் போய்விட்டாள் என்றார்கள். வீட்டில் யாரும் அவளைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பாவின் வேதப்புத்தகத்து முதல் தாளில் அவள் பிறந்த நாளும் போன நாளும் எழுதியிருந்தன. அதையும் நான் பார்த்திருந்தேன்.

"அன்னைக்கே சொல்லக்கூடாதா அம்மா?"

"அவ எவ்வளவு சந்தோசமா ஓடி வந்தா, அந்த முகத்தை நீ பாக்கலியே. இருக்கிறவளுக்க சந்தோசத்தைப் பறிச்சு, இல்லாதவளுக்கு என்னத்தைக் குடுக்க? படம் வீட்டுக்குள்ளதானே இருக்குன்னு இருந்தேன். இப்ப படியிறங்கிப் போகப்போகுது. அந்தப் பிள்ளைக்கு வேற படம் இல்ல, மக்கா," என்றாள்.

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கினேன். தங்கையிடம் நான்தான் சொல்ல வேண்டும். தவறு என்னுடையது.

அவள் பெட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் கணக்கிலிருந்து தொடங்கினேன்: ஆவணி, மார்கழி, 824, 825. "அண்ணே, எனக்கு எதுக்கு இப்ப கணக்குப் பாடம்?" என்றாள். பிறகு நேராகச் சொன்னேன். அவள் புத்தகத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அப்போ இந்தக் கண்ணு எனக்க கண்ணு இல்லியா?"

"இல்லட்டி."

"நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே, எனக்குச் சின்ன வயசுலயே பெரிய கண்ணுன்னு." சிரிக்கப் பார்த்தாள், சரியாக வரவில்லை. "அண்ணே, ஒனக்க கணக்கு என்னைப் பிறக்குறதுக்கு முன்னாலயே படம் எடுக்க வச்சிட்டுது, கேட்டியா." பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். உள்ளே இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பேச்சே கேட்கவில்லை என்பதுதான் நினைவில் இருக்கிறது. திரும்பி வந்து புத்தகத்தை என் கையில் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும். எனக்க கல்யாணப் படம் வந்தா எதிர்ப்பக்கத்துல ஒட்டு. தேதியை மட்டும் ஒழுங்கா எழுது. ரெண்டு கணக்குலயும்."

திருமணம் முடிந்து அவள் குளச்சலுக்குப் போன மறு வாரம் பேனாவும் சிவப்பு மையும் எடுத்து உட்கார்ந்தேன். பழைய வரியைச் சுரண்டி அழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டேன். என் தவறும் அங்கேயே இருக்கட்டும். கீழே, '1096 புரட்டாசி, 1920. அப்பா, அம்மா, முதல் தங்கை' என்று எழுதினேன். வயது என்ன எழுதுவது என்று அம்மாவைக் கேட்டேன். அம்மா லேஸ் தலையணையில் ஊசியை மாற்றிக்குத்திக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"படம் எடுத்தப்போ நாலு மாசமும் எட்டு நாளும்."

எழுதினேன். பேனாவை மூடப்போனபோது அம்மா மறுபடி சொன்னாள்.

"மொத்தம் நூத்து அறுபத்திரண்டு நாள் இருந்தா. அதையும் எழுது."

எழுதுவதற்கு முன், என் வழக்கப்படி, அப்பாவின் வேதப்புத்தகத்தை எடுத்து முதல் தாளில் இருந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஒரு நாள்கூடப் பிசகவில்லை.