தூள் மெஷினும் நான் எழுதிய வெற்றிக்கதையும்

1. சாட்சிக் கூண்டு

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி ஒரு கலர்ப் பேப்பரை என் கையில் தந்தார்.

"இதை எழுதினது நீங்களோ?"

"ஓம், நான்தான்."

"அப்ப இது மகிழ்ச்சியான குடும்பம் எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள்."

நான் வந்தது சுகந்தியின் பக்கச் சாட்சியாக. அவள் தன் கணவனிடமிருந்து விவாகரத்துக் கேட்டிருந்தாள். அடி தாங்காமல் கந்தோரில் என் மேசைக்கு முன்னால் ஓடிவந்து நின்ற நாளைப் பற்றிச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். என் எழுத்தாலேயே அவள் தோற்கப் போகிறாளே என்று காதெல்லாம் கொதித்தது.

2. வெற்றிக்கதை என்றால்

நான் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவள். வாழ்வாதார உதவி கொடுத்தால் போதாது. ஆறு மாதத்துக்குள் படத்தோடு ஒரு வெற்றிக்கதை அனுப்ப வேண்டும். 'குடும்ப ஒத்துழைப்பு' என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விட்டால் மேலிடத்திலிருந்து ஃபோன் வரும். எனக்குக் கதை எழுத நல்லாய் வரும் என்று ஒரு தலைக்கனமும் இருந்தது, பாழாய்ப்போன தலைக்கனம்.

யுத்தத்துக்குப் பிறகு சம்பூரில் மீளக்குடியேறிய சுகந்திக்கு மிளகாய்த்தூள் அரைக்கிற மெஷின் கொடுத்தோம். கையில் நாலு காசு புழங்கினால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்பது என் வேதம். நான் போன அன்று புருஷன்தான் கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். சுகந்தி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். இருவரையும் சேர்த்துப் படம் எடுத்தேன். அயலவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். அதை வைத்து இப்படி முடித்தேன்: 'காலை முதல் இரவு வரை மெஷின் சத்தம் ஓயாத வீடு இது.' அந்த வரியை மேலதிகாரி கூட்டத்தில் வாசித்துப் புகழ்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. ஆர் ஆரைக் கைவிட்டது?

அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை, சுகந்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதலில் என் கந்தோருக்கும் பிறகு டவுனில் இருக்கிற அக்கா வீட்டுக்கும் வந்துவிட்டாள். அவன் கிட்ட வரக்கூடாது என்று கோர்ட்டில் பாதுகாப்புக் கட்டளை எடுத்துக் கொடுத்தோம். அதன் காலம் முடிந்ததும் அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கத் தொடங்கினான். பொலிசுக்குச் சொன்னால், "புருஷன் பெண்சாதிப் பிரச்சினை, கதைச்சுத் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்றார்கள். விவாகரத்துக் கிடைக்கும்வரை அவளுக்கு அந்தப் பேச்சிலிருந்து விடுதலை இல்லை.

சும்மா ஒத்துவரவில்லை என்று சொல்லி எங்கள் சட்டத்தில் பிரிய ஏலாது. ஒருவர் தீய நோக்கத்தோடு மற்றவரைக் கைவிட்டதாகக் காட்ட வேண்டும். 'வீட்டை விட்டுப் போனது அவள்தான்' என்று அவன் கோர்ட்டில் மறுமொழி போட்டான். என் தலை சுற்றியது. அது அவளுடைய சீதன வீடு! அடித்தவன் அவள் வீட்டுக்குள் இருக்கிறான், வீட்டுக்காரி வெளியே நிற்கிறாள்.

"மிஸ், அப்ப நான்தான் அவரை விட்டிட்டு வந்தனானோ?" என்று சுகந்தி கேட்டாள்.

எனக்கு விளங்கினால்தானே அவளுக்குச் சொல்ல! அவளுடைய லோயர் அம்மாதான் விளக்கினார்: "இருக்க ஏலாமல் செய்தவர்தான் கைவிட்டவர், தங்கச்சி. ஆனா அதை நாங்க காட்டோணும்."

4. ஒரு கேள்வி

சாட்சிக் கூண்டில் நான் நிற்க, என் பேப்பர் திரும்பவும் எதிர்ப்பக்கச் சட்டத்தரணியின் கையில். அவர் என் கடைசி வரியை ராகத்தோடு வாசித்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு லோயர் அம்மா எழும்பினார்.

"அந்த ஊரில காலமையிலிருந்து இரவுவரை அரைக்க அவ்வளவு மிளகாய் இருந்ததோ?"

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சின்ன ஊர். அங்கே வருகிற மிளகாயை ஒரு மணித்தியாலத்தில் அரைத்து முடிக்கலாம்.

"இல்லை" என்றேன். "அவ்வளவு இருக்க ஏலாது."

"நீங்க எழுதின சத்தம்?"

"அயலாக்கள் சொன்னது. ஏன் ஓடினதெண்டு நான் யோசிக்கேல்லை."

நீதிபதி என்னை நிமிர்ந்து பார்த்தார். சுகந்தி சாட்சி சொன்னபோது என்னை வெளியே இருத்தியிருந்தார்கள்; எதற்காக இந்தக் கேள்வி என்று எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. வெளியே வந்து சுகந்தியிடம் கேட்டேன்.

"அடிக்க முன்னம் மெஷினைப் போட்டிடுவார் மிஸ். நான் கத்துறது வெளியில கேளாது. முந்தி வாயைப் பொத்துவார், மெஷின் வந்தாப்பிறகு அதுவும் தேவைப்படேல்லை."

அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். என் கையால் கொடுத்த மெஷின் அல்லவா!

5. தீர்ப்புக்குப் பிறகு

குற்றம் அவன் பக்கம் என்று சொல்லி விவாகரத்துக் கிடைத்தது. இப்போது அவன் வாசலுக்கு வந்தால் பொலிஸ் வருகிறது. சீதன வீடு திரும்பவும் அவள் கையில். ஆனாலும் அங்கே போக மாட்டாளாம். டவுனில் பொதி கட்டுகிற வேலையில் வரும் சம்பளத்தில்தான் நிற்கிறாள். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் வழக்கு முடியும்வரை தாக்குப்பிடித்திருக்க மாட்டாள். அப்போ உழைப்பு அவளைக் காப்பாற்றியதா, முதலில் காட்டிக் கொடுத்ததா? எனக்கு இன்னும் தெரியாது.

ஒருநாள் மனம் கேளாமல் அவளிடம் கேட்டேன்: "படமெடுக்க வந்த அண்டைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பியோ, பிள்ளை?"

"கேட்டனீங்கள் மிஸ்."

"நானோ? என்ன கேட்டனான்?"

"அவரையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு, 'வீட்டில பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே' எண்டு கேட்டனீங்கள். நான் 'இல்லை' எண்டன்."

களப்பணிக்குப் போகிற பிள்ளைகளே, அந்தத் 'தானே'யைக் கந்தோரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.