ஐஸ் பெட்டியில் வெளுத்த குழாய்

ஒரு கண்ணாடிக் குழாய்க்குப் பயந்து எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் வீட்டை விட்டு ஓடினார்கள். என் அக்கா ஒருத்திதான் உள்ளே போனாள். எஸ்டேட் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்று எவனாவது பேசினால், நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் எஸ்டேட் மலேசியாவில், நீலாய் பக்கம். மறுநாள் சிரம்பானில் அறிவியல் போட்டி. விடிந்ததும் பஸ் ஏற வேண்டும் என்பதால் டீச்சர் குழாயை அக்காவிடமே கொடுத்து அனுப்பியிருந்தார். விரல் நீளக் குழாய். இரண்டு முனையும் உருக்கி மூடியது. உள்ளே பழுப்பாக ஒரு வாயு.

"விஷம்மா, உடைச்சிராதீங்க. சூடு படாம வைங்க" என்று சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள்.

சூடு படக்கூடாது என்றால் அம்மாவுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். ஐஸ் பெட்டி. மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பிறகு மீனை எடுக்கத் திறந்தால் குழாயில் பழுப்பைக் காணோம்.

"ஐயோ, கேஸ் வெளிய போயிருச்சு!"

அவ்வளவுதான். எல்லாரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். எந்த கேஸ் என்று தெரியாமல் பக்கத்து வீட்டு அத்தை தன் சமையல் கேஸ் சிலிண்டரை இழுத்துக்கொண்டு வந்தார். எஸ்டேட்டில் வேலை வாங்கும் மண்டோர் அப்பாவிடம் கத்தினார். "பொம்பளப் புள்ளயப் படிக்க வச்சது போதும்லா! அந்தச் சனியனத் தூக்கி செம்பனைக் காட்டுல வீசு!"

குழாயைப் போட்டுக்கொண்டு போக அப்பா வாளியை எடுத்தார். அக்கா ஈரத்தலையோடு குறுக்கே நின்றாள்.

"வீசிட்டா நாளைக்கு நான் என்னத்தப்பா காட்டுறது? கேஸ் எங்கயும் போகல. குளிர்ல அதோட மூலக்கூறு ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டா நிறம் போயிரும். சூடு பட்டா பிரிஞ்சு திரும்பி வரும்."

"வரலன்னா?" என்றார் மண்டோர்.

அக்கா உள்ளே போய்க் குழாயை எடுத்து வந்தாள். முதலில் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தாள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். பழுப்பு மெல்லத் திரும்பியது. ஓர் அளவுக்கு மேல் ஏறவில்லை.

"நின்னுருச்சுக்கா."

"நிக்கலடா. ஒட்டுறதும் பிரியுறதும் ஒரே வேகத்துல நடக்குது. பாக்க நின்ன மாதிரி தெரியும்."

மாயாஜாலம் என்று முனகிக்கொண்டே மண்டோர் போய்விட்டார். தான் பேசியது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தையின் சிலிண்டரைத் தூக்கிக் கொடுக்கவும் ஆளில்லை. மறுநாள் அக்கா பரிசோடு வந்தாள். அப்பா கோப்பையைத் தூக்கிக்கொண்டு மண்டோர் வீட்டு வழியாகவே நடந்தார்.

குழாயோடு வெளியே வரும்போதே அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழுப்பைத் தேடுகிறாள் என்று நினைத்தேன். குளிரில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் வாயு உண்மையாகவே வெளியே போயிருக்கும், விட்டிருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேதான் அவள் உள்ளே போனாள் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.