ஸ்டெல்லாவின் ஹெட்ஃபோன்

போன வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா எனக்குப் பேடா கொடுத்தாள். எடிட்டர் ஆகிவிட்ட சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்கக் கொடுத்துக்கொண்டு வந்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். சிரித்தேன். கங்கிராட்ஸ் என்றுகூடச் சொன்னேன்... வயிறு எரிந்தது.

பொய் சொல்வானேன்? அந்த எடிட்டர் நாற்காலி எனக்குத்தான் என்று நான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையைப் பற்றி வாராவாரம் இங்கே எழுதி ஏற்கெனவே நிறையப் புலம்பியாயிற்று. புதிதாகப் படிக்கிறவர்களுக்காக மறுபடியும்: புனே விமான் நகரில் ஒரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஆபீஸ். அமெரிக்க டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடிக்கவேண்டும். புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போகலாம். அதற்குப் பெயர் பிளாங்க். பிளாங்க் குறைவாக விடுகிறவர்தான் எடிட்டர் ஆக முடியும்.

எடிட்டருக்கு அப்படி என்ன விசேஷம்? நிரந்தரக் காலை ஷிப்ட். எனக்கு இப்போது மத்தியான ஷிப்ட். இரண்டு பஸ் மாறிக் கசார்வாடி போய்ச் சேரும்போது, பத்தாவது படிக்கிற என் மகள் தூங்கியிருப்பாள். காலையில் நான் கண் விழிப்பதற்குள் ஸ்கூலுக்குக் கிளம்பியிருப்பாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் சீட்டுகளில்தான். நாற்காலிக்கு நான் ஏன் அலைந்தேன் என்று இப்போது புரிகிறதா?

ஸ்டெல்லா கோர்படி ரயில்வே காலனிப் பெண். தாத்தா காலத்திலேயே புனேவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவாள், படிக்க வராது. டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இந்த வாரம் என்ன எழுதினீங்க அக்கா? படிங்க" என்பாள். சிரிக்கவேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள். அதற்காக அவளைப் பிடிக்கும். ஆனால் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே நான்! ஒரு ஃபைலில் எனக்குப் பத்து பிளாங்க் என்றால் அவளுக்கு ஒன்று. அதை எப்படித் தாங்குவது?

அவளுக்கு மட்டும் தெளிவாகப் பேசுகிற டாக்டர்களாகப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று சூப்பர்வைசர் தேஷ்பாண்டே சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரே ஃபைலை இரண்டு பேருக்கும் அனுப்பினார். நான் பதினொன்று. அவள் ஒன்று. அந்த ஒன்றும் டாக்டர் தும்மிய இடமாம்.

அன்று சாயங்காலம்தான் எனக்கு ஞானம் பிறந்தது. விஷயம் டாக்டரில் இல்லை, ஹெட்ஃபோனில் இருக்கிறது. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே மாடல்தான். ஆனால் அவளுடையது கடையில் இருந்து நேற்று வாங்கிய மாதிரி இருக்கும். ஸ்டோர்ஸ்காரரைக் கைக்குள் போட்டுக்கொண்டு புது பீஸாக வாங்கியிருக்கிறாள். வேறென்ன?

அவள் லீவு போட்ட ஒரு நாளில், அவள் டிராயரில் இருந்ததை எடுத்துக்கொண்டு என்னுடையதை வைத்துவிட்டேன்.

ஆமாம், திருட்டுதான். முகத்தைச் சுளிக்காதீர்கள்.

அடேயப்பா... என்ன தெளிவு! டாக்டர் பக்கம் புரட்டுவதுகூடக் கேட்டது. முதல் வாரம் எனக்கு ஒரு ஃபைலுக்கு இரண்டே பிளாங்க். ஆனால் நான் ஆசையோடு எதிர்பார்த்தது அதை அல்ல – அவளுக்கு எத்தனை ஏறும் என்பதைத்தான். ஏறவில்லை. மூன்றாவது வாரம் என் காதில் டாக்டர் மறுபடியும் கம்பளிக்குள் இருந்து பேச ஆரம்பித்தார். எனக்கு ஒன்பது. அவளுக்கு அதே ஒன்று.

வெள்ளிக்கிழமை பேடாவைக் கொடுத்துவிட்டு அவள் போகவில்லை. ஒரு ஹெட்ஃபோனை என் மேஜையில் வைத்தாள்.

"அக்கா, நாராஸ் ஆகாதீங்க ஹான், கோவப்படாதீங்க. இது உங்களோடது. எனக்கு எடிட்டர் பக்கம் வேற ஒண்ணு குடுத்துட்டாங்க."

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். "எப்பத் தெரியும்?"

"லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கே தெரியும். காதுல வெச்சேன், ஒரே நல்லெண்ணெ வாசனை. இந்த ஆபீஸ்ல வேற யாரு தலைக்கு நல்லெண்ணெ தேய்ப்பாங்க?"

செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவள் நான். ஈரத் தலையோடு, சீயக்காய்த் தூளோடு பஸ் பிடித்து வந்து, அப்படியே ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். எத்தனை வருஷத்து எண்ணெய்! பஞ்சு மாதிரி இருக்கவேண்டிய ஃபோம் பக்கோடா ஆகியிருந்ததாம். ஃபோமைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தினாளாம். உள்ளே இருக்கும் சல்லடையைக் கவிழ்த்துப் பிடித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டினாளாம். கவிழ்த்துப் பிடித்தால்தான் தூள் வெளியே விழுமாம். இல்லாவிட்டால் உள்ளேயே போய்விடுமாம். இதைத்தான் சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு ஓடும் நேரத்தில் செய்துகொண்டிருந்திருக்கிறாள். நானே பார்த்திருக்கிறேன். "என்னடி, பாத்திரம் தேய்க்கிறியா?" என்று கிண்டலும் அடித்திருக்கிறேன்.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேட்டா திருப்பிக் குடுத்திருப்பீங்க. அப்புறம் என்கூடப் பேச மாட்டீங்க. இங்க தமிழ் பேச எனக்கு வேற யாரு அக்கா இருக்கா?"

மாட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக என் டிராயரில் கிடந்த அதே ஹெட்ஃபோன். டாக்டர் மூச்சு விடுவது கேட்டது. வாசனை மட்டும் லேசாக மிச்சம் இருந்தது.

இப்போது என் பையில் ஒரு பழைய பல் பிரஷ் இருக்கிறது. எண்ணெய்க் குளியலை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். அடுத்த எடிட்டர் நாற்காலி எப்போது காலியாகும் என்று தெரியாது. ஃபிரிட்ஜ் கதவில் "அம்மா, மேத்ஸ்ல டவுட், உன்கிட்ட கேக்கணும்" என்று ஒரு சீட்டு நாலு நாளாகத் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டெல்லா மீது இன்னும் பொறாமைதான். நாற்காலி கிடைத்ததற்கு ஒரு பங்கு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தாளே, அதற்கு இரண்டு பங்கு. நானாக இருந்தால் ஊரையே கூட்டியிருப்பேன்.

ஷிப்ட் மாறினாலும் டீ நேரத்துக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாள். இந்த வாரம் எழுதிய இதையும் படித்துக் காட்டச் சொல்வாள்... எத்தனை இடத்தில் பிளாங்க் விடுவது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.