மஞ்சளாகிப்போன பாதி ராஜ்யம்

நீங்கள் இப்போது போனில் ராஜ்யம் பிடித்து விளையாடுகிறீர்களே, எனக்கும் ஒரே ஒரு காலைப்பொழுது ஒரு ராஜ்யம் கையில் இருந்தது. அதை நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். சிரிக்கக் கூடாது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவும் சித்தப்பாவும் கடைத்தெருவில் லாரியிலிருந்து அரிசி மூட்டை இறக்குகிறவர்கள். இருவருக்கும் ஒரே யூனியன், ஒரே நீலச்சட்டை. அப்பாதான் அங்கே லீடர். எந்த லாரிக்கு யார் முறை என்று அவர்தான் சொல்வார். தம்பிக்குச் சலுகை காட்டினார் என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று, சித்தப்பாவை எப்போதும் கடைசி லாரிக்குத்தான் போடுவார். அது வராத நாளில் சித்தப்பாவுக்குக் கூலி இல்லை.

அதே வீட்டில் சித்தப்பாவின் அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் அந்தக் காலத்து ராஜாக்கள் விளையாட்டு; ஒரு பொத்தானை அமுக்கினால் ராஜ்யத்தில் ஒரு வருஷம் நகரும். இரண்டு மாதமாக விளையாடி, வரைபடத்தில் கடற்கரை முதல் மலை வரை தன் பச்சை நிறமாக்கி வைத்திருந்தார். ஒரு ஹர்த்தால் நாள், கடையெல்லாம் அடைப்பு. யாரோ வெளியிலிருந்து கூப்பிட, சித்தப்பா எழுந்தார்.

"லேய் மக்கா, வருஷத்த மட்டும் தள்ளிக்கிட்டு இரு. வேற ஒண்ணுலயும் கை வைக்காத, கேட்டியா?"

மூன்று வருஷம் தள்ளியிருப்பேன். தெற்கே ஓர் ஊரின் மேல் சிவப்பாக ஒரு முஷ்டி முளைத்தது. ஊர்க்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். எதற்குக் கோபம் என்று பக்கத்தில் இங்கிலீஷில் நீளமாக எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் பார்ப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கீழே இரண்டு படங்கள். ஒரு நெற்கூடை, ஒரு வாள். கூடையை அமுக்கினால் என்ன ஆகும்? வாளை அமுக்கினால் என்ன ஆகும்? வாள் பளபளவென்று இருந்தது. அமுக்கினேன். முஷ்டி மறைந்தே போயிற்று!

அடுத்த வருஷம் பக்கத்து ஊரில் முளைத்தது. அங்கேயும் வாள். பிறகு இரண்டு ஊரிலும் சேர்ந்து முளைத்தது. இருந்த பட்டாளத்தை எல்லாம் ஒரே தளபதியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, வருஷத்தைத் தள்ளினேன்.

பாதி ராஜ்யம் மஞ்சள்! தளபதி ஊர்க்காரர்களோடு சேர்ந்துகொண்டு தானே ராஜாவாகியிருந்தான். சித்தப்பா காதைத் திருகினால்கூடப் பரவாயில்லை. இனி அந்த நாற்காலியில் உட்காரவே விடமாட்டாரே.

அவர் வந்து திரையைப் பார்த்தார்.

"எல்லாப் பட்டாளத்தையும் ஒருத்தன்கிட்டயாலே குடுத்த?"

"அவனுக்குத்தான் மீசை பெருசா இருந்துச்சு சித்தப்பா."

சிரித்துவிட்டார். திரையில் பச்சையும் மஞ்சளுமாக இரண்டு கட்டங்கள் நின்றன. இனி எந்தப் பக்கம் ஆளப்போகிறாய் என்று கேட்கிறது என்றார். நான் பச்சைக்குப் போனேன். அவர் என் கையை விலக்கிவிட்டு மஞ்சளை அமுக்கினார்.

"நம்ம ராஜாவ விட்டுட்டீங்களே!"

"என்ன வேணும்னு அந்த ராஜா ஒரு தடவையாவது இந்த ஊர்க்காரங்ககிட்ட கேட்டானாலே?"

அந்தச் சின்ன அறையில் அவ்வளவு சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. வாசற்படியில் அப்பா அவித்த மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்.

"நீ ராஜாவா இருந்து பாரு, தெரியும்" என்றார். தட்டில் பாதிக் கிழங்கை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த வாரம் சித்தப்பா வேறு யூனியனில் சேர்ந்தார். அதற்கப்புறம் வெகுகாலம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? கிழங்கில் உப்புக் குறைவு போலிருக்கிறது என்று நினைத்து, உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு அப்பாவின் பின்னாலேயே ஓடினேன்.